பதக்கம் யாருக்கு: குதிரைக்கா, ஓட்டுபவருக்கா, ஜோடிக்கா?

கடிவாளம்:
பாரிஸ் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜ் (குதிரையை நளினமாக அசையவைத்து நடுவர்களிடம் மதிப்பெண் வாங்கும் போட்டி) தனிநபர் இறுதியை நேற்று வீடியோவில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஜெசிக்கா ஃபான் பிரெடோ-வெர்ண்டல் 90.093 சதவீதம், தங்கம். இசபெல் வெர்த் 89.614, வெள்ளி. ஜெசிக்காவும் அவர் குதிரை டலேராவும் 2015-லிருந்து ஒன்றாக இருப்பவர்கள். வெர்த்தின் லாயத்துக்கு அவர் குதிரை வெண்டி வந்ததே 2024-இல்தான். ஒன்பது வருடப் பழக்கத்துக்கும் சில மாதப் பழக்கத்துக்கும் நடுவே அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. அப்புறம் எதற்கு வர்ணனையாளர்கள் 'ஈருடல் ஓருயிர்' என்று உருகுகிறார்கள்? வெர்த் 1992 பார்சிலோனாவில் தொடங்கி ஐந்து குதிரைகளில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். குதிரைகள்தான் மாறின, ஆள் மாறவில்லை.

லாயத்துக்காரி:
அண்ணா, வெண்டி ஒன்றும் குட்டியாக வந்து சேரவில்லை. டென்மார்க்கில் கிராண்ட் பிரி என்ற உச்ச நிலை வரைக்கும் பழக்கி முடித்த குதிரை அது. பழகிய குதிரையும் பெரிய கையும் இருந்தால் போதும் என்றால் டோட்டிலாஸ் என்ற குதிரையின் கதைக்கு என்ன பதில்? எட்வர்ட் கால் என்ற நெதர்லாந்து வீரர் அதன்மேல் உட்கார்ந்து 2010 கென்டக்கி உலகப் போட்டியில் மூன்று தங்கம் எடுத்தார். உலகமே அந்தக் கறுப்புக் குதிரையைப் பற்றித்தான் பேசியது. அதே வருடம் ஜெர்மனிக்கு விற்றார்கள். மத்தியாஸ் ராத் ஏறினார். அதே குதிரை, அதே நான்கு கால். பழைய உயரம் திரும்பவே இல்லை.

கடிவாளம்:
டோட்டிலாஸுக்குக் காயம்மேல் காயம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! என் கட்சிக்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. உலக ஷோ ஜம்பிங் (குதிரையோடு தடைகளைத் தாண்டும் போட்டி) சாம்பியன்ஷிப்பில் 2014 வரை ஒரு வழக்கம் இருந்தது. கடைசி நான்கு பேர் தங்கள் குதிரையில் ஒரு சுற்று, மற்ற மூவரின் குதிரைகளில் ஒவ்வொரு சுற்று ஓட்ட வேண்டும். பழக்கிக்கொள்ளக் கிடைப்பது சில நிமிடம். 2014-இல் நார்மண்டியில் ஜெரோன் டுபெல்டாம் அப்படித்தான் சாம்பியன் ஆனார். உண்மையான வீரரை அடையாளம் காட்டிய முறை அதுதான். அதை நீக்கியிருக்கவே கூடாது.

லாயத்துக்காரி:
2010-இல் அந்த நால்வரில் எரிக் லமாஸ் இருந்தார். அவர் குதிரை ஹிக்ஸ்டெட்டுக்குச் சிறந்த குதிரைப் பரிசு. லமாஸுக்கு? வெண்கலம். அதே ஹிக்ஸ்டெட்டோடு 2008-இல் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வாங்கியவர் அவர். அடுத்தவர் குதிரைகளில் ஏறியபோது மூன்றாவது. இது யாருக்குச் சாட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.

உருகுவதை விடுங்கள், வேலையைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நிமிர்ந்து இடதுபக்கம் திரும்பிப் பாருங்கள். இடுப்பெலும்பு ஒன்று லேசாக அழுத்துவது தெரியும். நான் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகள் கடிவாள வாரை இழுக்காமலே குதிரை வளைகிறதே என்று ஆச்சரியப்படுவது இதனால்தான். அவர்கள் திரும்பியதை அது முதுகில் படித்துவிடுகிறது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலில்லை. குதிரைமேல் ஏற்றிவிடவே ஆள் வேண்டும். குதிகாலால் சொல்ல வேண்டியதை எல்லாம் உடல் எடையாலும் முதுகாலும் சொல்ல தன் குதிரை ஜூபிலியைப் பழக்கினார். 1952 ஹெல்சிங்கியில் வெள்ளி, 1956-இல் மறுபடி வெள்ளி. நேற்று வாங்கிய குதிரையிடம் இந்தப் பாஷை பேச முடியுமா?

டீக்கடை பெஞ்ச்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே குதிரையிடம் கேட்காமல் கட்சி பிரிக்கிறீர்கள். வலெக்ரோ என்ற குதிரையும் பிரிட்டன் வீராங்கனை ஷார்லட் டுஜார்டினும் 2014-இல் டிரெஸ்ஸாஜில் 94.3 சதவீதம் எடுத்து உலகச் சாதனை படைத்தார்கள், கூட்டணிக்கே இலக்கணம் என்றார்கள். பத்து வருடம் கழித்து, பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்பு, அதே அம்மா பயிற்சி வகுப்பில் வேறொரு குதிரையின் காலில் இருபதுக்கும் மேற்பட்ட தடவை சாட்டையால் அடிக்கும் வீடியோ வந்தது. ஒலிம்பிக்கிலிருந்து விலகினார், ஒரு வருடத் தடை. கூட்டாளி என்றால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வழி வேண்டாமா?

லாயத்துக்காரி:
அந்த வீடியோவுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லக் குதிரைக்குத் தெரியும். ஷோ ஜம்பிங்கில் தடைக்கு முன்னால் இரண்டாவது முறை நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது, வெளியே போக வேண்டியதுதான்.

டீக்கடை பெஞ்ச்:
டோக்கியோ ஒலிம்பிக்கில் செயின்ட் பாய் என்ற குதிரை அப்படித்தானே சொன்னது? மாடர்ன் பென்டத்லானில் (ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டி) குதிரையைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள், பழக 20 நிமிடம். முதலிடத்தில் இருந்த அனிகா ஷ்லாய்க்கு அது வந்தது. நகர மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையால் அடித்தார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கோச் முஷ்டியால் குத்தினார். மறுத்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

கடிவாளம்:
அதனால்தான் 2028-லிருந்து அந்தப் போட்டியில் சவாரியே கிடையாது. அந்தக் குதிரை அன்றைக்கு முந்தைய வீராங்கனையிடமும் முரண்டு பிடித்ததே, அதை ஏன் மாற்றவில்லை என்றுதான் நான் கேட்பேன்.

இன்னொன்று. ஒலிம்பிக்கில் குதிரையின் உரிமையாளர், ஓட்டுபவரின் நாட்டவராக இருக்க வேண்டும். அதற்கு ஜனவரி நடுப்பகுதிவரை கெடு. ஒலிம்பிக் வருடம் பிறக்கும்போது சந்தை எப்படிச் சூடாகும் என்று யோசியுங்கள். பணம் உள்ளவர் ஜோடியையும் சேர்த்தே வாங்குகிறார்.

லாயத்துக்காரி:
பணம் உள்ளவர்தான் டோட்டிலாஸையும் வாங்கினார், அண்ணா.