ஆடி மாதக் குளிரில் வீட்டுப் பூக்களால் அலங்காரம்: உங்கள் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

சென்ற ஆண்டு ஆடி வெள்ளிக்கு அம்மன் அலங்காரம் எங்கள் வீட்டுப் பொறுப்பாக வந்தது. ஆடி இங்கே நடுக்குளிர்காலம் என்பதும், அப்போது மல்லிகைக் கொடியில் இலைகளைத் தவிர வேறொன்றும் இராது என்பதும் நீங்கள் அறிந்ததே. கடைப் பூ வேண்டாம், வீட்டில் பூத்ததே போதும் என்று மாமியார் உறுதியாகக் கூறிவிட்டார். தோட்டத்தில் பறவைத் தலை போன்ற பூவுடைய ஸ்ட்ரெலிட்சியா மட்டுமே இருந்தது. அதிலும் முதல் பூக்கள் வாடிவிட்டன. மாமியார் அலகு போன்ற அந்த மடலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேல்விளிம்பைக் கட்டைவிரலால் மெல்லப் பிளந்து, உள்ளே மடங்கிக் கிடந்த அடுத்த பூவைத் தூக்கி நிறுத்தினார். பிசுபிசுத்த ஈரத்தோடு ஆரஞ்சு இதழ்களும் நீல நாக்கும் நிமிர்ந்த அந்த நொடி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாரேனும் இவ்வாறு செய்வதுண்டா?

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

கடற்கரையில் இருப்பவர்களுக்கு உறைபனியின் கொடுமை தெரியாது. மாலையில் பொன்னாய் நின்ற துலுக்கச் சாமந்திப் பாத்தி முழுவதும் மறுநாள் விடியற்காலையில் வெந்த கீரை போலத் தொய்ந்து கறுத்துக் கிடந்தது, பூசையோ அன்றைக்கே. அப்பா ஒன்றும் பேசாமல் கார் கொட்டகைக்குள் சென்று, கோடை முடிவில் அறுத்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த, காகிதம் போல் காயும் ஸ்டாடிஸ் பூங்கொத்துகளை எடுத்து வந்தார். இருட்டில் காய்ந்ததால் ஊதா நிறம் சிறிதும் மங்கவில்லை. அவர் அவற்றைத் தோரணமாகக் கட்டக் கட்ட, அந்தச் சருகுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் அனைவரும் அருகிலேயே நின்றோம்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

லெனேசியாத் தம்பி, உங்கள் அப்பாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் காய்ந்த பூவை அம்மனுக்குச் சாத்துவது முறையன்று. சுவரோரம் பாயின்செட்டியா வைத்திருந்தால் இந்த நிலையே வந்திராது. இரவு நீள நீளத்தான் அதன் மேலிலைகள் சிவக்கும் என்பதால், வடநாடுகளில் டிசம்பரில் சிவப்பது நமக்குச் சரியாக ஜூன், ஜூலையில் சிவக்கிறது. தெருவிளக்கின் வெளிச்சம் படும் இடத்தில் நடாதீர்கள். அந்தப் பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். வெட்டியவுடன் பால் வடியும், தண்டும் தொய்ந்துவிடும். என் சின்னம்மா ஒவ்வொரு வெட்டுவாயையும் விளக்குச் சுடரில் ஒரு கணம் காட்டி, பால் உறைந்த பின்பே நீரில் வைப்பார். அந்தச் சுருக்கென்ற ஒலி இன்றும் எனக்குக் கேட்கிறது.

புரோட்டியாவைப் பற்றியும் கூற வேண்டும், யாரும் கேட்கவில்லை என்றாலும். அது இந்த மண்ணின் பூ. குளிரில் பூத்து, வெட்டிய பின்னும் நெடுநாள் நிற்கும். பலர் எலும்புத்தூளைக் கொட்டி அதைக் கொன்றுவிடுகிறார்கள். சத்துக் குறைந்த புளிப்பு மண்ணில் வளர்ந்து பழகிய அதன் வேர்கள் பாஸ்பரசைத் தாங்கமாட்டா. ஆகவே உரமிடாமல், நீர் தேங்காத சரிவில் நடுங்கள். குடுவையில் வைத்த பின் இலை கறுப்பதற்குக் காரணம் இருட்டில் அதன் சர்க்கரை தீர்ந்துபோவதே. நல்ல வெளிச்சத்தில் வைத்து, நீரில் சிறிது சர்க்கரையும் கரைத்தால் கறுப்பது தள்ளிப்போகும்.

டொங்காட்

பீட்டர்மரிட்ஸ்பர்க் அம்மா, லெனேசியாத் தம்பி கூறியது வாசல் தோரணத்தைப் பற்றி. அம்மன் மேனியில் சாத்தும் மாலையைப் பற்றியன்று. தோரணத்துக்கு உலர்ந்த பூவைக் கட்டுவதில் என்ன குறை? பாயின்செட்டியாப் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். ஆகவே பூக்கட்டும் பிள்ளைகள் கையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நீங்கள் சேர்த்துக் கூறியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஆடிக்கு வேலியோரக் கற்றாழையின் செம்பூத் தண்டுகள்தான். கருவறையில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு தண்டிலிருந்து தேன் சொட்டுச் சொட்டாக அம்மனின் மஞ்சள் பட்டில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரியோ பட்டைப் பார்த்து முகம் வாடினார். அன்றிலிருந்து முதல் நாள் மாலையே தண்டுகளை வெட்டி, தலைகீழாகப் பிடித்து உதறி, வாளிக்கு மேல் இரவு முழுவதும் தொங்கவிடுகிறோம்.