மாலைச் செபத்துக்கு மகன் உட்கார மாட்டேன் என்கிறான், உங்கள் வீடுகளில் எப்படி?

கருங்கல் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் இங்கே வந்தேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம். நான் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், உடைப்பு வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் சவுதியில். மகன் 10-ம் வகுப்பு, மகள் 5-ம் வகுப்பு, போன வருஷம்தான் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கினாள். மாமிக்கு, அதாவது வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, 76 வயது, எங்களோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரே ஒழுங்குதான். மாலையில் மெழுகுதிரி கொளுத்தி, 53 மணி செபமாலை (பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து வரும்), மாதா பிரார்த்தனை, ஒரு பாட்டு, பெரியவர்களுக்குத் தோத்திரம், அதற்கப்புறம்தான் சோறு. முன்பெல்லாம் 7 மணிக்குத் தொடங்குவோம். இந்த வருஷம் மகனுக்கு டியூஷன் விடவே ஏழே முக்கால் ஆகிறது, அதனால் 8 மணிக்குத் தள்ளி வைத்தோம். மாமிக்குச் சுகர் உண்டு, ஆனாலும் செபம் முடியாமல் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். இப்போது அக்டோபர், செபமாலை மாதம் வேறு.

போன செவ்வாய்க்கிழமை, துயர மறைநிகழ்வு (இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் நாள்), மூன்றாவது பத்து. மகன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "நிமிர்ந்து முட்டுக்குத்தி நில்லு" என்று மாமி ஒரு அதட்டு அதட்டினார்கள். அவன் எழுந்து, "எனக்கு வேண்டாம், நாளைக்கு டெஸ்ட்" என்று உள்ளே போய்விட்டான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பின்னாலேயே போய் அடித்துவிட்டேன். செபமாலை கையில் இருந்தபடியே. நூல் அறுந்து மணியெல்லாம் பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. அவன் அழவில்லை. "அம்மா, எனக்கு மாதா மேல கோவம் ஒண்ணும் இல்ல. பசிக்குது" என்று மட்டும் சொன்னான். மகள் டார்ச் அடித்து மணிகளைப் பொறுக்கினாள். இரண்டு மணி இன்னும் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. உண்மையைச் சொன்னால் நானும் பல நாள் அந்த மூன்றாவது பத்தில்தான் கண்ணயர்ந்து விடுகிறேன். வறுத்த அண்டியை உடைக்கும்போது வரும் கறுப்பு எண்ணெய் விரலைப் பொசுக்கிவிடும், சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் தோல் உரியும். எத்தனை கிலோ உடைத்தோமோ அதற்குத்தான் கூலி, அதனால் கையை நிறுத்தவும் முடியாது. சாயங்காலம் அந்த விரலால் மணியை உருட்டும்போது எந்த மணியில் இருக்கிறேன் என்பதே தெரியாது, எரிச்சல்தான் தெரியும். ஆனால் இந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் உட்காருவதே கிடையாது. அதனால் விடவும் மனசில்லை. பிள்ளைக்காகச் செபத்தைக் குறைப்பது தப்பா? மாமி மனசு நோகாமல் எப்படிச் செய்வது? உங்கள் வீடுகளில் எப்படி என்று சொல்லுங்கள்.

தூத்தூர் கடற்கரை:

மக்களே, முதலில் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடு. மாமிக்கும் போடு. சுகர் உள்ளவர்களை 9 மணி வரை பட்டினி போடலாமா? சாப்பிட்டுவிட்டுச் செபம் சொன்னால் மாதா வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்.

நான் கடற்கரைக்காரி. எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும், நேரம் காலம் பார்த்துச் செபிக்கிற பிழைப்பு எங்களுக்குக் கிடையாது. 2017-ல் ஓகி புயல் அடித்தபோது கோயிலிலேயே கிடந்தோம், ராத்திரி பகல் தெரியாது. என் கொழுந்தன் வரவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் நான் செபமாலையைத் தொடவில்லை, தொட முடியவில்லை. அப்போது என் மகளுக்கு 12 வயது. தினமும் சாயங்காலம் அவளே ஒரு பத்து மட்டும் சத்தமாகச் சொல்லுவாள், நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் அம்மாவோ வீட்டுக்காரரோ ஒருத்தரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை. ஒருநாள் அவள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியபோது பாதியிலிருந்து என் வாயும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கு யாராவது என்னை அதட்டியிருந்தால் நான் திரும்பியே வந்திருக்க மாட்டேன், அது எனக்கு நிச்சயம்.

அடித்ததுக்கு மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, தாய் கேட்டால் குறைந்துபோக மாட்டாள். அப்புறம், அறுந்த செபமாலையைத் தங்கூசியில் கோர்த்துப் போடு. தூண்டில் போடுகிற அந்த நைலான் நரம்புதான், லேசில் அறாது.

தக்கலை டீச்சர்:

நாங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை), செபமாலை கிடையாது, ஆனால் மாலையில் குடும்ப ஜெபம் எங்கள் வீட்டிலும் உண்டு. பிரச்சினையும் இதேதான். மேலே அக்கா சொன்னதில் சாப்பாட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 10-ம் வகுப்பு என்பதற்காகச் செபத்திலிருந்து மொத்தமாக விட்டுவிடாதீர்கள். 10 முடிந்தால் 12, அப்புறம் நீட், அப்புறம் வேலை. ஒரு வருஷம்தானே என்று நான் என் மூத்தவனை விட்டேன், அவன் அதற்கப்புறம் எங்களோடு உட்காரவே இல்லை. இப்போது லீவுக்கு வந்தாலும் அந்த நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்.

இன்னொன்று, டியூஷனைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கம் பல இடங்களில் காலை 6 மணிக்கும் வகுப்பு வைக்கிறார்கள். நாள் முழுக்க ஸ்கூல், அதற்கப்புறம் நேராக டியூஷன் என்றால் எந்தப் பிள்ளைக்கும் 8 மணிக்கு மேல் ஒன்றும் ஏறாது, செபமும் ஏறாது, பௌதிகமும் ஏறாது. எது செய்தாலும் மாமியைக் கேட்டுச் செய்யுங்கள். நீங்களாக முடிவெடுத்துவிட்டு அவர்களிடம் சொன்னால் அதுதான் அவர்களுக்கு நோகும்.

சாமிதோப்பு பக்கம்:

நாங்கள் அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழி. சாயங்காலம் உகப்படிப்பு என்கிற எங்கள் செபம் முடிந்தால்தான் என் மாமிக்கு நாள் முடிந்த மாதிரி. என் மகன் எட்டாம் வகுப்பில் வர மாட்டேன் என்று அடம்பிடித்தான். மாமி அவனைத் திட்டவே இல்லை. "எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு மக்கா, நீ வாசி, நான் கேக்கேன்" என்று ஏட்டை அவன் மடியில் வைத்துவிட்டார்கள். கண் நிஜமாகவே மங்கித்தான் இருந்தது. கார்த்திகையில் பதியில் (எங்கள் கோயிலில்) நடக்கும் 17 நாள் திருஏடு வாசிப்புக்கு இப்போது அவனாகவே பாட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். பின்னால் உட்கார வைத்தால் தூங்குகிற பிள்ளை, முன்னால் உட்கார வைத்தால் தூங்க மாட்டான் அக்கா. உங்கள் மகனைத் தொடங்கி வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

நட்டாலத்துக்காரன்:

நான் அப்பாக்கள் பக்கமிருந்து சொல்கிறேன், நானும் சவுதியில்தான். அங்கே ஊரில் இரவு 8.30 என்றால் இங்கே எங்களுக்கு மாலை 6 மணி. எல்லா நாளும் முடியாது, வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குக் கட்டாயம் வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிடுங்கள், போனை மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பின்னால் குக்கர் விசில் கேட்கும், சின்னவள் கொட்டாவி விடுவதும் தெரியும், எனக்கு அந்த வாரம் முழுக்க அது போதும்.

எங்கள் ஊர்க்காரர் புனித தேவசகாயம் மனைவியோடு குடும்பம் நடத்தியவர், அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, துறவறம் போகாத நம்மைப் போல ஒரு பொதுநிலையினர் என்பதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். வேலைக்குப் போய்விட்டு வந்து அசந்து கண்ணயர்வதைப் பாவமென்று நினைத்து உங்களை நீங்களே வதைக்காதீர்கள் சகோதரி.

கருங்கல் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தூத்தூர் அக்கா எழுதியதை ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன், அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா, விடு" என்றான், அவ்வளவுதான். காலை வகுப்பில் இடம் இல்லையாம், ஜனவரியில் பார்க்கலாம் என்றார்கள். மாமியிடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வரும்போதுதான் பேசினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு நடைக்கு வந்தபிறகு, "இவன் அப்பனும் இப்படித்தான் பசியோட சுவத்தில சாஞ்சு நிப்பான், நானும் அடிச்சிருக்கேன்" என்றார்கள். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

இப்போது 7 மணிக்கு மாமியும் மகளும் நாலு பத்து சொல்லி முடித்துவிடுகிறார்கள், நான் அடுக்களையில் நின்றபடியே பதில் சொல்லுவேன். மகன் வந்ததும் எல்லாரும் சாப்பாடு, நேற்று மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். அப்புறம் கடைசிப் பத்தை அவன் தொடங்கி வைக்கிறான். அவசரமாகத்தான் சொல்கிறான், மாமி ஒன்றும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை அவன் அப்பாவும் போனில் சேர்ந்துகொண்டார்.

செபமாலையை மாமியே தங்கூசி வாங்கி வரச் சொல்லிக் கோர்த்துவிட்டார்கள். காணாமல் போன இரண்டு மணியும் கிடைக்கவில்லை, கடைசிப் பத்தில் 8 மணிதான் இருக்கிறது. மீதி இரண்டை விரலில் எண்ணிக்கொள்கிறான்.