பெர்மிஷன்ஸ் வரி சேர்த்ததும் மூன்று ஜாப் சிவப்பு, எதைக் கெடுத்தேன்?

நள்ளிரவு டிப்ளாய்:

வணக்கம். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (பில்ட், டெஸ்ட் மாதிரி வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் வசதி) ஒரு உதவி வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பேர் கொண்ட சின்ன டீம். வேலையை விட்டுப் போன ஒரு நண்பர் எழுதி வைத்த 7 யாம்ல் கோப்புகள்தான் (எந்த ஜாப் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் வொர்க்ஃப்ளோக்கள்) எங்கள் பில்ட், டெஸ்ட், ரிலீஸ் எல்லாம். ஒன்றைக் காப்பி அடித்து அடுத்தது, அதைக் காப்பி அடித்து அதற்கடுத்தது என்று வளர்ந்தவை, எதை எடுத்தால் எது விழும் என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மழை, வெளியே போக முடியவில்லை, சரி இன்றைக்கு இதை ஒழுங்குபடுத்திவிடலாம் என்று உட்கார்ந்து ஒரே கமிட்டில் இவ்வளவும் செய்தேன்: எல்லாக் கோப்பிலும் மேலே பெர்மிஷன்ஸ் (ஜாபுக்குக் கிடைக்கும் டோக்கன், அதாவது தற்காலிகச் சாவி, எதையெல்லாம் செய்யலாம் என்ற பட்டியல்) போட்டு கன்டென்ட்ஸ் ரீட், அதாவது கோடைப் படிக்கும் உரிமை, மட்டும் கொடுத்தேன். செக்அவுட் (ரெப்போவிலிருந்து, அதாவது கோடு இருக்கும் களஞ்சியத்திலிருந்து, கோடை இறக்கும் ஸ்டெப்) வருகிற இடமெல்லாம் பெர்சிஸ்ட் கிரெடென்ஷியல்ஸை ஃபால்ஸ் ஆக்கினேன். பிறர் எழுதிவைத்த ரெடிமேட் ஸ்டெப்களான ஆக்ஷன்களின் டேகை (பதிப்புப் பெயர்) எடுத்துவிட்டு 40 எழுத்து கமிட் ஹாஷ் (அந்த ஒரு மாற்றத்துக்கே உரிய அடையாளம்) போட்டேன். அப்புறம் இன்டென்டேஷனைச் சரிசெய்து, தேவையில்லாத மேற்கோள் குறிகளை எல்லாம் நீக்கினேன்.

திங்கள் காலையில் வந்து பார்த்தால் மூன்று ஜாப் சிவப்பு.

புல் ரிக்வெஸ்டில் (கோடு மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) கமென்ட் போடும் ஜாப் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை, கொடுத்து, "ரிசோர்ஸ் நாட் ஆக்ஸசிபிள் பை இன்டக்ரேஷன்" என்கிறது. ரிலீஸ் ஜாப், கிட் புஷ் (மாற்றத்தை ரெப்போவில் ஏற்றும் கமாண்ட்) வரும் இடத்தில் யூசர்நேமைப் படிக்க முடியவில்லை என்று நிற்கிறது. டெஸ்ட் ஜாப் இன்னும் வேடிக்கை, பைத்தான் 3.1 கிடைக்கவில்லையாம். நாங்கள் 3.1 கேட்கவே இல்லை!

எல்லாவற்றையும் ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கிவிடலாமா? மேனேஜர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

கூழாங்கல்:

ரிவர்ட் வேண்டாம், மூன்றும் மூன்று தனித்தனிக் காரணம், மூன்றும் சின்னதுதான்.

பைத்தான் முதலில். உங்கள் மேட்ரிக்ஸில் (டெஸ்டை ஓட்ட வேண்டிய பதிப்புகளின் பட்டியல்) 3.10 இருந்திருக்கும், அதைச் சுற்றி மேற்கோள் குறியும் இருந்திருக்கும், அது அழகாக இல்லை என்று எடுத்துவிட்டீர்கள். மேற்கோள் இல்லாவிட்டால் யாம்லுக்கு அது ஒரு எண். 3.10 என்ற எண்ணும் 3.1 என்ற எண்ணும் கணக்குப்படி ஒன்றுதானே, கடைசிப் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். 3.9, 3.11 எல்லாம் தப்பித்துவிடும், அதனால்தான் ஒரு வரி மட்டும் விழுந்திருக்கிறது. பதிப்பு எண்கள் அத்தனைக்கும் மேற்கோளைத் திருப்பிப் போடுங்கள்.

கமென்ட் ஜாப்: பெர்மிஷன்ஸ் என்று ஒரு வரி எழுதிவிட்டாலே, அதில் பெயர் சொல்லாத மற்ற உரிமை எல்லாம் பூஜ்யம் ஆகிவிடும். கன்டென்ட்ஸ் ரீட் மட்டும் சொன்னால் புல் ரிக்வெஸ்டில் எழுதும் உரிமை போயிற்று. மேலே இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, கமென்ட் போடும் அந்த ஒரு ஜாபுக்குள் மட்டும் புல் ரிக்வெஸ்ட்ஸ் ரைட் கொடுங்கள்.

ரிலீஸ் ஜாபில் இரண்டு பூட்டு. செக்அவுட் வழக்கமாக டோக்கனை விட்டுவைத்துப் போகும், பின்னால் வரும் கிட் புஷ் அதை எடுத்துத்தான் உள்ளே போகிறது. நீங்கள் ஃபால்ஸ் ஆக்கியதும் அது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. அதைச் சரிசெய்தாலும் அடுத்த நிமிடம் 403 வரும், ஏனென்றால் புஷ் செய்ய கன்டென்ட்ஸ் ரைட் வேண்டும். அந்த ஜாபில் மட்டும் இரண்டையும் தளர்த்துங்கள். அதே சமயம் அந்த ஜாபுக்குள் டெஸ்ட், லின்ட், யாரோ எழுதிய ஆக்ஷன் எதுவும் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரைட் டோக்கன் இருக்கும் ஜாப் குட்டியாக இருக்க வேண்டும்.

நள்ளிரவு டிப்ளாய்:

நன்றி நன்றி. பைத்தான் பச்சை. ரிலீஸும் பச்சை. ஆனால் கமென்ட் ஜாப் இப்போது அதைவிட மோசம், செக்அவுட்டிலேயே "ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்" என்கிறது. நாங்கள் நின்றுகொண்டிருக்கிற ரெப்போவே இல்லையாம்! ஜாபுக்குள் நீங்கள் சொன்ன ஒரு வரியைத்தான் சேர்த்தேன்.

கூழாங்கல்:

என் தவறு, முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். ஜாபுக்குள் எழுதும் பெர்மிஷன்ஸ், மேலே இருப்பதோடு சேராது, அதைத் தூக்கிவிட்டுத் தான் உட்காரும். நீங்கள் புல் ரிக்வெஸ்ட்ஸ் ரைட் மட்டும் எழுதியதால் கன்டென்ட்ஸ் ரீட் காணாமல் போனது. பிரைவேட் ரெப்போவில் அது இல்லாத டோக்கனிடம் "உனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லமாட்டார்கள், "அப்படி ஒரு ரெப்போவே இல்லை" என்பார்கள். ஜாபுக்குள் இரண்டு வரியும் எழுதுங்கள். பப்ளிக் ரெப்போவாக இருந்தால் இது தெரியாமலே ஓடியிருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால்.

பழைய சிஸ்அட்மின்:

தம்பி, ஒரு கேள்வி. அந்தக் கமென்ட் ஜாப் எந்த ஈவென்டில் ஓடுகிறது? கோப்பின் மேலே ஆன் என்பதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

நள்ளிரவு டிப்ளாய்:

சார், புல் ரிக்வெஸ்ட் டார்கெட் என்று இருக்கிறது. அதற்குக் கீழே செக்அவுட்டில் ரெஃப் என்ற இடத்தில் புல் ரிக்வெஸ்டின் ஹெட் கமிட்டை, அதாவது அனுப்பியவரின் கடைசி மாற்றத்தை, அந்த நண்பர் கொடுத்திருக்கிறார். அப்புறம் என்பிஎம் இன்ஸ்டால் (தேவையான பேக்கேஜ்களை இறக்கும் கமாண்ட்), பில்ட், கடைசியில் பிரிவ்யூ லிங்க்கைக் கமென்டாகப் போடுகிறது. ரெப்போ பிரைவேட்தான், நாங்கள் மூன்று பேர் மட்டும், அதனால் பயமில்லை அல்லவா? ஆனால்... இதே 7 கோப்புகளை எங்கள் பப்ளிக் லைப்ரரி ரெப்போவிலும் அப்படியே போட்டிருக்கிறோம்.

பழைய சிஸ்அட்மின்:

அந்த "ஆனால்" இல்லாமல் இருந்திருந்தால் நான் தூங்கப் போயிருப்பேன். கமென்ட் பச்சையாவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பப்ளிக் ரெப்போவுக்குப் போய் அந்த வொர்க்ஃப்ளோவை டிசேபிள் செய். போய் வா, பிறகு மீதியைப் படி.

காரணம் இது. சாதாரண புல் ரிக்வெஸ்ட் ஈவென்டில், வெளியாள் ஃபோர்க்கிலிருந்து (தன் கணக்கில் எடுத்துக்கொண்ட ரெப்போவின் நகல்) அனுப்பினால் அவன் கோடு ஓடும், ஆனால் சீக்ரெட் (நீங்கள் கிட்ஹப்பில் வைத்திருக்கும் சாவி, கடவுச்சொல்) எதுவும் கையில் கிடைக்காது, டோக்கனும் படிக்க மட்டும்தான். டார்கெட் என்ற வால் சேர்ந்தால் கதை தலைகீழ். அது உன் மூல ரெப்போவின் பெயரில், உன் சீக்ரெட்டோடு, எழுதும் உரிமையுள்ள டோக்கனோடு ஓடும். லேபிள் ஒட்டுவது, வரவேற்புக் கமென்ட் போடுவது மாதிரி வேலைக்காகக் கொடுத்தது, வெளியாள் கோடைத் தொடாதவரை ஒன்றுமில்லை. உங்கள் நண்பர் அதற்குள் வெளியாளின் ஹெட்டை இழுத்துவந்து என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டியிருக்கிறார். பேக்கேஜ் ஜேசனில் போஸ்ட் இன்ஸ்டால் (இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் கமாண்ட்) என்று ஒரு வரி எழுதி எவன் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினாலும் அது உங்கள் ரன்னரில் (ஜாப் ஓடும் மெஷின்) உங்கள் சாவிக்கொத்தோடு ஓடும். நீ மெர்ஜ் செய்ய வேண்டியதில்லை, பார்க்கக்கூட வேண்டியதில்லை. புதியவர்களின் ரன்னுக்கு அப்ரூவல் கேட்கும் செட்டிங் ஒன்று உண்டே, அது இந்த ஈவென்டைத் தடுக்காது, இது எப்படியும் ஓடும்.

செய்ய வேண்டியது: ஒன்றை இரண்டாகப் பிரி. சாதாரண புல் ரிக்வெஸ்டில் பில்ட் மட்டும் நடக்கட்டும், எந்தச் சீக்ரெட்டும் இல்லாமல், விளைவை ஆர்டிஃபாக்டாக (ரன் விட்டுவைத்துப் போகும் கோப்பு) ஏற்றட்டும். அது முடிந்ததும் வொர்க்ஃப்ளோ ரன் என்ற ஈவென்டில் இன்னொரு கோப்பு எழுந்து, ஆர்டிஃபாக்டை இறக்கிப் பிரிவ்யூவை ஏற்றிக் கமென்ட் போடட்டும். இரண்டாவது கோப்பு அந்த ஆர்டிஃபாக்டிலிருந்து எதையும் ஓட்டக் கூடாது. அதில் இருக்கும் புல் ரிக்வெஸ்ட் எண்கூட வெளியாள் எழுதியது என்றே வைத்துக்கொள், வெறும் இலக்கம்தானா என்று பார்த்த பிறகு பயன்படுத்து.

பப்ளிக் ரெப்போவில் இதுவரை வந்த எல்லா ஃபோர்க் புல் ரிக்வெஸ்டையும், மூடியதையும் சேர்த்து, திறந்து பார். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அங்கே இருக்கும் சீக்ரெட் அத்தனையையும் இன்றே மாற்று.

தட்டாம்பூச்சி:

சார் சொன்னதற்கு மேல் ஒரு விஷயம். ஹாஷ் போட்டதாகச் சொன்னீர்கள், மிக நல்லது. அந்த ஹாஷ்களை எங்கிருந்து எடுத்தீர்கள்?

நள்ளிரவு டிப்ளாய்:

கொஞ்சம் ஒரு வலைப்பதிவில் இருந்த உதாரணத்திலிருந்து, மீதி அந்தந்த ஆக்ஷனின் ரிலீஸ் பக்கத்திலிருந்து. ஏன், 40 எழுத்து இருந்தால் போதாதா?

தட்டாம்பூச்சி:

வலைப்பதிவில் எடுத்ததை எல்லாம் மறுபடி பாருங்கள். ஒருவன் ஒரு ரெப்போவை ஃபோர்க் செய்து அதில் போடும் கமிட்டை, மூல ரெப்போவின் பெயரை எழுதி அந்த ஹாஷைக் கொடுத்தும் எடுக்க முடியும், கிட்ஹப் ஃபோர்க்குகளை ஒரே குடும்பமாகச் சேமித்து வைப்பதால் வரும் வினை. பெயர் மூலவருடையது, கோடு வேறு யாருடையதோ. கமிட் பக்கத்தைத் திறந்தால் இது இந்த ரெப்போவின் எந்தப் பிராஞ்சிலும் இல்லை என்று மஞ்சளில் எச்சரிக்கை வரும், அதைத்தான் தேட வேண்டும்.

டேக் ஏன் ஆகாது என்பதற்கு 2025 மார்ச் போதும். டிஜே ஆக்ஷன்ஸின் சேஞ்ச்ட் ஃபைல்ஸ் என்ற ஆக்ஷனை 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்தி வந்தன. அதற்குள் புகுந்தவர்கள் பழைய பதிப்பு டேகுகளையும் நகர்த்தி ஒரே கெட்ட கமிட்டைக் காட்ட வைத்தார்கள், அது ரன்னரின் நினைவகத்திலிருந்து சீக்ரெட்டுகளை எடுத்துப் பில்ட் லாகில் கொட்டியது. பப்ளிக் ரெப்போ என்றால் அந்த லாகை ஊரே படிக்கலாம். டேகை நம்பியவர்கள் தங்கள் கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மாட்டிக்கொண்டார்கள். நல்ல ஹாஷ் ஒன்றில் முன்பே நின்றிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹாஷுக்குப் பக்கத்தில் கமென்டாகப் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. டிபென்டபாட்டில் (புதுப் பதிப்பு வந்தால் தானே புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் கிட்ஹப் பாட்) கிட்ஹப் ஆக்ஷன்ஸைச் சேர்த்தால் அது ஹாஷையும் அந்தக் கமென்டையும் சேர்த்தே புதுப்பிக்கும். ஆனால் புதுப் பதிப்பு வந்த அன்றே மெர்ஜ் செய்யாதீர்கள், ஒரு வாரம் ஆறட்டும்.

அப்புறம் வொர்க்ஃப்ளோ கோப்புகளைச் சோதிக்கும் கருவிகளான ஜிஸ்மோர், ஆக்ஷன்லின்ட் இரண்டையும் உங்கள் மெஷினில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆக்ஷன்லின்ட் எழுத்துப்பிழை, தவறான கீ மாதிரி விஷயங்களைப் பிடிக்கும், ஜிஸ்மோர் பாதுகாப்புப் பக்கம். மேலே சார் கண்டுபிடித்ததை அது முதல் ஓட்டத்திலேயே சொல்லியிருக்கும்.

நள்ளிரவு டிப்ளாய்:

ஓட்டினேன். ஏன் ஓட்டினேன் என்று ஆகிவிட்டது. 41 கண்டுபிடிப்பு. பாதி ஒரே மாதிரி, காப்பி அடித்த பாவம். புரியாதது ஒன்றே ஒன்று, டெம்ப்ளேட் இன்ஜெக்ஷன் என்கிறது. ரன் ஸ்டெப்பில் புல் ரிக்வெஸ்டின் தலைப்பை எக்கோ செய்கிறோம், லாகில் தெரியட்டும் என்று. எக்கோவில் என்ன ஆபத்து?

கூழாங்கல்:

எக்கோவில் ஆபத்தில்லை, இரட்டை அடைப்புக்குள் தலைப்பை நேரடியாக எழுதியதில்தான். ஷெல் அந்த வரியைப் பார்ப்பதற்கு முன்பே ஆக்ஷன்ஸ் தலைப்பை அங்கே ஒட்டிவிடும். தலைப்பில் ஒருவன் மேற்கோளை மூடிவிட்டு, ஒரு அரைப்புள்ளி வைத்து, தனக்கு வேண்டிய கமாண்டை எழுதியிருந்தால், ஷெல்லுக்கு அது உங்கள் ஸ்கிரிப்டின் ஒரு பகுதி, ஓட்டிவிடும். தலைப்பை என்வ் என்பதன் கீழ் ஒரு வேரியபிளாக வைத்து, ரன்னுக்குள் அந்த வேரியபிளை மேற்கோளுக்குள் கூப்பிடுங்கள், அப்போது அது வெறும் எழுத்தாகவே இருக்கும். பிராஞ்ச் பெயர், இஷ்யூ உள்ளடக்கம், கமென்ட், வெளியாள் தட்டச்சு செய்யக்கூடிய எதற்கும் இதே கதை. அல்லது அந்த எக்கோவைத் தூக்கிவிடுங்கள், யார் படிக்கிறார்கள்?

தட்டாம்பூச்சி:

ஒழுங்குபடுத்தும்போதே ஒவ்வொரு ஜாபுக்கும் டைம்அவுட் மினிட்ஸ் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் 360 நிமிடம். எங்கள் டெஸ்ட் ஒன்று வெள்ளி மாலை தொங்கி ஆறு மணி நேரம் சும்மா ஓடியது. இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போவுக்கு மாதம் 2,000 நிமிடம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கன்கரன்ஸி (ஒரே சமயத்தில் ஒரு ரன் மட்டும் என்ற வரம்பு) போட்டுப் பழைய ரன்னை ரத்து செய்யவும் வைக்கலாம், ஆனால் புல் ரிக்வெஸ்ட் பில்டில் மட்டும். டிப்ளாயில் வைத்து, பாதி ஏறிய நிலையில் அறுத்துவிடாதீர்கள்.

நள்ளிரவு டிப்ளாய்:

புதன் இரவு நிலவரம். 7 கோப்பு 4 ஆகிவிட்டது. பொதுவானவற்றை, மற்ற கோப்புகள் கூப்பிடுகிற ஒரே ரீயூசபிள் வொர்க்ஃப்ளோவாக மாற்றினேன், அதிலும் ஒரு அடி: உள்ளே பேக்கேஜஸ் ரைட் கேட்டிருந்தேன், கூப்பிடும் கோப்பில் கொடுக்கவில்லை, ஆரம்பிக்கும் முன்பே விழுந்தது. கூப்பிடுபவரிடம் இல்லாத உரிமை கூப்பிடப்பட்டவருக்குக் கிடைக்காது என்று இப்போதுதான் புரிந்தது. இந்த முறை ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட்.

பப்ளிக் ரெப்போவில் ஃபோர்க்கிலிருந்து வந்தவை 19, எல்லாம் எழுத்துப்பிழைத் திருத்தம் மாதிரிதான் தெரிகிறது, போஸ்ட் இன்ஸ்டாலைத் தொட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் சீக்ரெட் எல்லாம் மாற்றியாயிற்று, அதில் இரண்டு சாவி எதற்கு என்றே தெரியவில்லை, அவற்றை நீக்கினேன், இதுவரை எதுவும் விழவில்லை.

ஒரே ஒரு சிவப்பு பாக்கி, டிபென்டபாட் அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் மட்டும் பிரைவேட் பேக்கேஜ் டோக்கன் காலியாக வருகிறது. மேனேஜர் வேறு, பழைய லாகை எல்லாம் அழித்துவிடலாமே என்கிறார்.

பழைய சிஸ்அட்மின்:

டிபென்டபாட்டை கிட்ஹப் வெளியாள் மாதிரியே நடத்தும், ஆக்ஷன்ஸ் சீக்ரெட்டை அதன் கண்ணில் காட்டாது. செட்டிங்ஸில் டிபென்டபாட்டுக்கென்று தனிச் சீக்ரெட் பட்டியல் இருக்கிறது, படிக்க மட்டும் முடிகிற ஒரு டோக்கனை அதே பெயரில் அங்கே போடு.

லாகை அழிக்காதே என்று மேனேஜரிடம் சொல். சாவியை மாற்றியாயிற்று, இனி லாகில் இருப்பது செத்த சாவி. ஆனால் நாளைக்கு யாராவது எப்போது, யாருடைய புல் ரிக்வெஸ்டில் என்று கேட்டால் உன்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். எதையும் மாற்றாவிட்டால் 90 நாளில் அதுவாகவே போய்விடும், அந்த 19 ரன்னில் இன்னும் மிச்சமிருக்கும் லாகை இன்றைக்கே இறக்கி ஒரு பக்கம் வை.