இன்டெக்ஸ் 1.4: ஹெர்பிஸ் ரிப்போட்டில் சிவப்பு எழுத்து, ஆளில் புண் இல்லை

எம்எல்ரி (லேப்பில் பரிசோதனை செய்பவர்), கல்லடி:

முப்பது வயசு வராத ஒரு பொடியன். மூன்று மாதமாகக் கவட்டுக்குள் எரிவு, இடைக்கிடை ஊசி குத்துற மாதிரி. புண் ஒரு நாளும் கண்டதில்லை. ஒரு டொக்டரிட்டயும் காட்டாமல் தானே போய் ஒரு லேப்பில் ரத்தம் குடுத்திருக்கிறார். கொண்டுவந்த ரிப்போட் மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சு, எச்எஸ்வி 2 ஐஜிஜி (ஹெர்பிஸ் கிருமியின் இரண்டாம் வகைக்கு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) என்ற வரியில் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் இன்டெக்ஸ் எண் 1.4. அதைச் சுத்தி நீலப் பேனையால் ஏழெட்டு வட்டம். கேட்டது ஒரு கேள்விதான்: "கலியாணம் பேசிக் கிடக்கு, நிப்பாட்டச் சொல்லவா?"

அந்தக் கிட்டின் கணக்கு தெரிஞ்சதுதான். 0.9க்குக் கீழே நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை ரெண்டுங்கெட்டான், அதுக்கு மேலே பொசிட்டிவ். 1.4 வந்தாலும் 14 வந்தாலும் மெஷின் அடிக்கிறது அதே சொல், அதே சிவப்பு. ஆனால் 1.1க்கும் 3க்கும் இடையில் வருவதை வேறு முறையில் இன்னொரு தரம் பார்க்காமல் நம்பக்கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சிடிசியின் 2021 வழிகாட்டி தெளிவாகவே சொல்லுது. அந்த இடைவெளியில் பொய்ப் பொசிட்டிவ் அவ்வளவு. ஏற்கெனவே எச்எஸ்வி 1 (பெரும்பாலும் வாயில் வரும் வகை) உள்ள ஆளின் எதிர்ப்புப் பொருள் இதிலயும் கொஞ்சம் ஒட்டும், எண் மெல்ல ஏறும்.

ரிப்போட்டின் அடியில் இதை ஒரு வரி அடிச்சு விட்டிருந்தால் அந்தப் பேனைக்கு வேலை இருந்திருக்காது.

பாமசி, அக்கரைப்பற்று:

ரிப்போட் எடுக்கிற ஆக்களாவது பரவாயில்ல. ரிப்போட்டே இல்லாம அசைக்ளோவிர் கிறீம் கேட்டு வாறதுதான் இஞ்ச கூட. ஒரு நானா, வயல் வேலை, கிழமைக்கு ஒரு டியூப். அது சுகமாக்கல்ல எண்டு வேற கடையில ஸ்டீரொயிட் கலந்த கிறீமும் வாங்கிப் பூசிரிக்கார். கடைசியில வெட்கத்த விட்டுப்போட்டு போனில படம் காட்டினார். தொடையிடுக்கில அரை வட்டம், ஓரம் சிவந்து தடிச்சு, நடு தெளிஞ்சு. படை. ஸ்டீரொயிட் பூசினதில ஓரம் பாதி அழிஞ்சு, படை எண்டு மட்டுப் பிடிக்கேலாத கோலம்.

அசைக்ளோவிர் கிறீம் மறைவிடத்து ஹெர்பிஸுக்கே பெரிசா உதவாது, குளிசைதான் மருந்து. படைக்கு அது வெறும் வெள்ளைக் களிம்பு. ஈரச் சாரனோட நாள் முழுக்க நிக்கிற ஆளுக்கு முதல் சந்தேகம் பங்கசுலதான் வரணும்.

கிளினிக் மிஸ், கல்முனைப் பக்கம்:

கல்லடித் தம்பி சொல்வது சரி. ஆனால் இன்டெக்ஸ் இன்டெக்ஸ் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றால் ஆளை யார் பார்ப்பது? ரத்தம் சொல்வது "எப்போதாவது கிருமி உடம்புக்குள் வந்ததா" என்பதை மட்டும். இன்றைய எரிவுக்கு அதுதான் காரணமா என்று 14 வந்தாலும் சொல்லாது.

ஒரு பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்று தரம் வந்தது, மூன்று தரமும் புண் தொடங்கி ஒன்பதாம் நாள், பத்தாம் நாள். காய்ந்த பொருக்கில் சுவாப் எடுத்தால் நெகட்டிவ்தான் வரும், வந்தது. அதைக் காட்டி "அப்ப எனக்கு ஒன்றும் இல்லைத்தானே" என்று சிரித்தது. நாலாம் தரம், கூச்சம் தொடங்கி அடுத்த நாளே வந்தது. கடுகளவில் ஒரே ஒரு கொப்புளம், உள்ளே கண்ணாடி போல நீர். அதை எடுத்து அனுப்பியதில் எச்எஸ்வி 2 பிசிஆர் பொசிட்டிவ். நாலு மாதத்துக்கு முதல் எடுத்த ரத்த ரிப்போட்டில் ஐஜிஜி நெகட்டிவ் என்று இருந்தது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் சுவாப் எடுப்பதைக் கெடுக்கிறார்கள். தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் நல்ல பலன். வருமுன் ஸ்பிரிட், டெட்டோல், மஞ்சள், கிறீம் ஒன்றும் பூசவேண்டாம். கொப்புளத்தின் மேல்தோலைக் கிருமிநீக்கிய ஊசியால் கிழித்து, வழிகிற நீரை மட்டும் ஒற்றாமல் அடிப்பாகத்தில் சுவாப்பை அழுத்தி உருட்ட வேண்டும். கிருமி இருப்பது அடியில் உள்ள கலங்களில். நோகும், முதலே சொல்லிவிடுங்கள். சுவாப் பொலியஸ்டர் நுனியாக, பிளாஸ்டிக் தண்டாக இருக்க வேண்டும். மரக்குச்சியும் கல்சியம் அல்ஜினேற் நுனியும் பிசிஆரைக் குழப்பும். வைரஸ் ஊடகக் குழாய்க்குள் போட்டுத் தண்டை முறித்து, குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் அனுப்ப வேண்டும். இந்த வெயிலில் மேசையில் அரை நாள் கிடந்த குழாய்க்கு நெகட்டிவ் வந்தால் அது குழாயின் ரிப்போட், ஆளின் ரிப்போட் அல்ல. படிவத்தில் "எத்தனையாம் நாள்" என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி:

முன்தோலில் நாலைந்து வெடிப்பு, வெள்ளையாய்ப் படிவு, எரிவு. ஹெர்பிஸ் என்று பயந்து மாதக்கணக்காய் மனிசியோடு படுக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 287. கண்டிடா என்ற பங்கசு. சீனி இறங்கினது, வெடிப்பும் ஆறினது. இவ்வளவுதான் கதை.

குடும்ப வைத்தியம், மட்டக்களப்பு:

ஐஜிஎம் என்ற மற்ற எதிர்ப்புப் பொருளைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே. ஏழு மாதக் கர்ப்பிணி. யாரோ "டோர்ச்" பரிசோதனை (கர்ப்பிணிகளுக்குப் பல தொற்றுகளைச் சேர்த்துப் பார்ப்பது) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஹெர்பிஸ் ஐஜிஎம் பொசிட்டிவ். அறைக்குள் வந்தது அவரும் தாயாரும். கணவர் வெளியில் ஓட்டோவுக்குள்ளேயே இருந்தார், ஜன்னலால் முதுகு மட்டும் தெரிந்தது. முதல் நாள் இரவே வீட்டில் விசாரணை முடிந்து தீர்ப்பும் சொல்லியாயிற்று. அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளில் ஒரு புண் வந்ததில்லை.

ஐஜிஎம் 1, 2 என்று வகை பிரிக்காது. ஹெர்பிஸ் குடும்பத்து வேறு கிருமிகளுக்கும் ஒட்டும், கொப்புளிப்பான் கிருமியும் அந்தக் குடும்பம்தான். பழைய தொற்று திரும்ப எழும்பும்போதும் பொசிட்டிவ் ஆகும். ஆகவே அதை வைத்துப் புதிசு, பழசு, யாரிடமிருந்து வந்தது என்று ஒன்றும் சொல்ல முடியாது. சிடிசி அதைச் செய்யவே வேண்டாம் என்கிறது. கர்ப்ப காலத்தில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பிரசவத்தை ஒட்டிய கிழமைகளில் முதல் தடவையாகத் தொற்றினால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 வீதம். முன்பே இருந்து திரும்ப வருவதானால் 1 வீதத்துக்கும் குறைவு. மறைவிடத்தில் ஹெர்பிஸ் உறுதியான தாய்க்கு 36ஆம் கிழமையிலிருந்து அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை கொடுப்பதும், வலி தொடங்கும்போது புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதற்காகத்தான்.

எச்எஸ்வி 1 ஐஜிஜியைக் கண்டும் இப்படித்தான் குடும்பங்கள் உடைகின்றன. உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் அது இருக்கிறதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் சின்ன வயதில் உம்மாவோ அம்மம்மாவோ கொஞ்சினதில் வந்தது. வாயிலா கீழேயா என்று ரத்தம் சொல்லாது. சில கிட்டுகள் 1ஐயும் 2ஐயும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகின்றன, அது இன்னும் மோசம். ரிப்போட்டில் "ஜிஜி 2" (வகை 2க்கே உரிய புரதம்) என்றோ "வகை பிரித்த" என்றோ இல்லாவிட்டால் காசு கொடுத்தது வீண்.

இன்னொன்று, நேரம். தொற்றிய பின் ஐஜிஜி தெரிய இரண்டு கிழமையிலிருந்து மூன்று மாதம் வரை எடுக்கும். சந்தேகப்பட்ட நாளிலிருந்து 12 கிழமை கழியாத நெகட்டிவ், நெகட்டிவ் ஆகாது. கல்முனை மிஸ்ஸின் பிள்ளைக்கும் அதுதான் நடந்திருக்கும். முதல் கிழமையிலேயே குளிசை தொடங்கினால் இன்னும் பிந்தலாம்.

அந்த ஓட்டோ மறுபடி வரவில்லை.

எம்எல்ரி, கல்லடி:

மிஸ், ஆளை யார் பார்ப்பது என்று என்னைக் கேட்டால்? புண்ணே இல்லாதவரிடம் சுவாப் எங்கே எடுக்கிறது? அந்தப் பொடியனுக்கு எண்தானே மிச்சம், எண்ணை ஒழுங்காய் வாசிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. கணக்கைப் பாருங்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு எச்எஸ்வி 2 உள்ள இடம், நூற்றுக்கு 95 சரியாய்ச் சொல்லுற கிட் என்று வைப்போம். உண்மையாய் உள்ள ஐந்து பேரும் பொசிட்டிவ், இல்லாத 95 பேரிலும் ஐந்து பேர் பொசிட்டிவ். நல்ல கிட்டே பாதிக்குப் பாதி. அதிலும் 1.4!

வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளொட் என்ற உறுதிப்படுத்தும் பரிசோதனை வரைக்கும் இஞ்ச இருந்து ஒருவரும் போகப்போறதில்லை. செய்யக்கூடியது: 12 கிழமை கழிச்சு அதே லேப், அதே கிட். மற்ற லேப்பின் எண்ணோடு இதை ஒப்பிட ஏலாது, அளவுகோலே வேறு. முடிஞ்சால் வேறு அன்டிஜன் (எதிர்ப்புப் பொருள் ஒட்டுகிற கிருமிப் பகுதி) பாவிக்கிற கிட்டில் இன்னொன்று. ஒன்றும் ஏறாமல் 1.4இலயே நின்றால், அல்லது இறங்கினால், பொய் என்ற பக்கம்தான் சாயும்.

கிளினிக் மிஸ், கல்முனைப் பக்கம்:

தம்பி, கோபிக்க வேண்டாம். புண் இல்லாமல் மூன்று மாதம் விடாமல் எரிந்தால் அது ஹெர்பிஸின் நடை அல்ல என்று அந்தப் பொடியனுக்கு யாராவது சொன்னார்களா? ஹெர்பிஸ் வரும், போகும். முதல் தரம் இரண்டு முதல் நாலு கிழமை, பிறகு ஒவ்வொரு தரமும் ஒரு கிழமை, பத்து நாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் எச்ஐவி பார்க்காமல் விடக்கூடாது. நோகாத புண் என்றால் சிபிலிஸ், அதிலும் ஆரம்பத்தில் அதன் ரத்தப் பரிசோதனையான விடிஆர்எல் நெகட்டிவாக இருக்கலாம், திரும்ப எடுக்க வேண்டும். சலம் போக எரிந்தால் கொனோரியா, கிளமிடியா. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை, கடிதம் தேவையில்லை. வெளிநாட்டு மெடிக்கலில் பாஸ் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அதில் ஹெர்பிஸ் பார்ப்பதே இல்லை.

தோல் பிரிவு, அம்பாறை:

ஒருவருக்கு ஆணுறுப்பின் நுனியில், எப்போதும் ஒரே இடத்தில், கொப்புளம். வருடத்துக்கு நாலைந்து தரம். எச்எஸ்வி 1 ஐஜிஜி பொசிட்டிவ், ஆகவே ஹெர்பிஸ் என்று இரண்டு வருடமாய் அசைக்ளோவிர். ஆறின இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு கருஞ்சாம்பல் வட்டம். ஹெர்பிஸ் அப்படிக் கறை விட்டுப் போகாது. என்ன மருந்து எடுப்பீர்கள் என்று கேட்க, ஒன்றும் இல்லை என்றார். நாரி உளைவுக்கு? "ஆ, அதுக்கு இது" என்று சேட்டுப் பொக்கற்றிலிருந்து மெபெனமிக் அசிட் காட் ஒன்றை எடுத்தார், இரண்டு குளிசை குறைந்திருந்தது. முதல் நாள் இரவு போட்டது, விடியக் கொப்புளம்.

மருந்து ஒவ்வாமை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற வகை. போட்டுச் சில மணித்தியாலத்தில் எழும்பும். கோட்ரைமொக்சசோல், டொக்சிசைக்ளின், வலிக் குளிசைகள் அடிக்கடி செய்கிறவை. பராசிட்டமோலும் செய்யும். புண் வந்த நாளுக்கு முதல் நாள் விழுங்கியது என்ன என்று மூன்று தரம் எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

குளிசையின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்பில் எழுதிக் கொடுத்தாயிற்று. காட்டைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைக்கப் போனார், கேட்டு வாங்க வேண்டியிருந்தது.