ஜெர்மனியில் வீடு, நெதர்லாந்தில் வேலை: லாரி ஓட்டுநருக்கு எந்த நாட்டுக் காப்பீடு?

கேட்டவர்: ஆகன் ஓட்டுநர்

வணக்கம். நான் ஜெர்மனியின் ஆகன் நகரில் குடும்பத்துடன் வசித்துக்கொண்டு, வென்லோவில் உள்ள ஒரு நெதர்லாந்து நிறுவனத்துக்கு லாரி ஓட்டுகிறேன். பெல்ஜியம், பிரான்ஸ் என்று போனாலும் ஜெர்மன் சாலைகளிலும் கணிசமான நேரம் கழிகிறது. இப்போது ஸ்லோவாக்கியாவில் பதிவான வேறொரு நிறுவனத்தின் பெயரில் புதிய ஒப்பந்தம் தருவதாகவும், வண்டியோ மேலாளரோ மாறப்போவதில்லை என்றும் சொல்கிறார்கள். பிடித்தம் குறைந்து கைக்கு வரும் சம்பளம் கூடுமாம். கையெழுத்திட்டால் என் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் எந்த நாட்டின் கீழ் வரும்?

பதில்: எல்லைக்கோடு

ஒரே நேரத்தில் ஒரு நாட்டின் சமூகக் காப்பீட்டுச் சட்டம் மட்டுமே பொருந்தும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதியின் அடிப்படை. பல நாடுகளில் வேலை செய்பவர், வசிக்கும் நாட்டில் தம் வேலையின் கணிசமான பகுதியைச் செய்தால் அந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருவார்; இல்லையெனில், ஒரே முதலாளியிடம் இருக்கும்வரை, அந்த முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள நாட்டின் கீழ் வருவார். வேலை நேரமோ ஊதியமோ 25 சதவீதத்துக்குக் குறைந்தால் அது கணிசமான பகுதி அல்ல என்பதற்கு அடையாளம். அடுத்த 12 மாதங்களுக்கு எதிர்பார்க்கப்படும் வேலையை வைத்தே இது பார்க்கப்படுகிறது. ஒரே நாளில் மூன்று எல்லைகளைக் கடப்பவரின் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் சிக்கல். (இந்த விதியை எழுதியவர்கள் லாரியில் ஏறியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.) பயணப் பட்டியலோடு, சரக்கு எந்தெந்த நாட்டில் ஏற்றி இறக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் எடுக்கலாம். டாக்கோகிராஃப் (வண்டி ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவி) பதிவுகளின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்; ஜெர்மன் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்லோவாக்கிய ஒப்பந்தம் இருந்தாலும் நீங்கள் ஜெர்மன் காப்பீட்டுக்கே உரியவர்.

பதில்: பழைய கணக்கர்

தாண்டாவிட்டாலும் அந்த ஒப்பந்தம் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் வசித்த ஓட்டுநர்கள் சைப்ரஸில் பதிவான ஏஎஃப்எம்பி என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, நெதர்லாந்துப் போக்குவரத்து நிறுவனங்களுக்காக வண்டி ஓட்டிய வழக்கில், 2020 ஜூலை 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டுநரை உண்மையில் வேலை வாங்குவது யார், சம்பளச் செலவை உண்மையில் சுமப்பது யார், வேலைநீக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் உள்ளது என்று பார்த்தே முதலாளியைத் தீர்மானிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. மேலாளரும் வண்டியும் மாறாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அப்படியானால் உங்கள் உண்மையான முதலாளி நெதர்லாந்து நிறுவனம்தான் என்று முடிவாகலாம்.

கேட்டவர்: ஆகன் ஓட்டுநர்

நன்றி. நெதர்லாந்துக் காப்பீடு என்று முடிவானால் ஆகனில் மருத்துவம் பார்க்க முடியுமா? எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: எல்லைக்கோடு

முடியும். நெதர்லாந்துக் காப்பீட்டாளரிடம் எஸ்1 படிவம் வாங்கி, ஆகனில் உள்ள மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியத்தில் ஒவ்வொரு நாடும் தன்னிடம் சேர்ந்த காலத்துக்கான பங்கைத் தனித்தனியே தரும். குறைந்தபட்சத் தகுதிக் காலத்தைப் பார்க்கும்போது மற்ற நாட்டு ஆண்டுகளும் சேர்த்து எண்ணப்படும். எந்த நாட்டுச் சட்டம் என்பதை முதலில் தீர்மானிப்பது வசிக்கும் நாடுதான். ஜெர்மனியில் அதற்கான அமைப்பு பான் நகரில் உள்ள டிவிகேஏ. கையெழுத்திடும் முன்பே அங்கே எழுதிக் கேளுங்கள். ஸ்லோவாக்கிய நிறுவனம் ஏ1 சான்றிதழை (எந்த நாட்டுக் காப்பீட்டுச் சட்டம் பொருந்தும் என்று காட்டுவது) தானே வாங்கித் தருவதாகச் சொன்னால், எந்த விவரங்களைக் கொடுத்து விண்ணப்பித்தார்கள் என்ற நகலையும் கேட்டு வாங்குங்கள்.