பழைய எம்டி5 பாஸ்வேர்டுகளை என்ன செய்வது?

புதுநிரலன்:
வணக்கம். ஒரு சீட்டு கம்பெனிக்காக யாரோ 2011-ல் பிஎச்பியில் எழுதிய வெப் அப்ளிகேஷன் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. யூசர்கள் சுமார் 4,000 பேர். பாஸ்வேர்ட் எல்லாம் வெறும் எம்டி5 ஹேஷ் (பாஸ்வேர்டை நேரடியாகத் திருப்ப முடியாத எழுத்துக் கோவையாக மாற்றும் பழைய முறை), சால்ட் (ஒவ்வொருவருக்கும் தனியாகச் சேர்க்கும் எழுத்துகள்) கிடையாது. டேபிளை வரிசைப்படுத்திப் பார்த்தால் 212 பேருக்கு ஒரே ஹேஷ், அதை அப்படியே கூகுளில் போட்டேன், 123456 என்று வந்துவிட்டது. முதலாளியோ, எல்லாரையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னால் ஆபீஸ் போன் ஓயாது, வேண்டாம் என்கிறார். இனி லாகின் செய்கிறவர்களின் பாஸ்வேர்டை ஏஇஎஸ்-256-ல் என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி போட்டுப் பூட்டி, வைக்கலாமா?

அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. பூட்டினால் சாவி என்று ஒன்று இருக்கும், அதை எங்கே வைப்பீர்கள்? அதே சர்வரில் கான்ஃபிக் ஃபைலில்தானே. டேட்டாபேஸை அள்ளுகிறவன் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான். சாவி பத்திரமாக இருந்தாலும் முறை தப்பென்றால் போச்சு. 2013-ல் அடோபியிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகள் டிரிபிள் டெஸ் என்ற பழைய பூட்டில், ஈசிபி முறையில் என்கிரிப்ட் செய்யப்பட்டவை. அந்த முறையில் ஒரே பாஸ்வேர்டுக்கு எப்போதும் ஒரே விடைதான் வரும். பக்கத்திலேயே யூசர்கள் எழுதிய ஹின்ட் வேறு திறந்து கிடந்தது. பத்துப் பேரில் ஒருவர் ஹின்டில் உளறினால் போதும், மற்ற ஒன்பது பேருடையதும் தெரிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, இருக்கிற எம்டி5 ஹேஷையே பாஸ்வேர்ட் போலக் கருதி அதன்மேல் பிகிரிப்ட் (பாஸ்வேர்டுக்கென்றே செய்த, வேண்டுமென்றே மெதுவான, சால்ட் உள்ள ஹேஷ்) போடுவது. யூசருக்கு எதுவும் தெரியாது. லாகின் நேரத்தில் அவர் அடிப்பதை எம்டி5 ஆக்கி அந்த பிகிரிப்டோடு சரிபாருங்கள், சரியென்றால் அந்த நொடியிலேயே அசல் பாஸ்வேர்டுக்கு நேரடி பிகிரிப்ட் போட்டுப் பழையதை அழித்துவிடுங்கள். யார் பழசு, யார் புதுசு என்று தெரிய டேபிளில் ஒரு காலம் (நெடுவரிசை) கூடுதலாக வேண்டும்.

இரவுப்பறவை:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் முதலில் டேபிளில் பாஸ்வேர்ட் இருக்கும் காலத்தின் நீளத்தைப் பாருங்கள். எம்டி5 32 எழுத்து, பிகிரிப்ட் 60. நான் இதைப் பார்க்காமல் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டினேன். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஸ்ட்ரிக்ட் மோட் (நீளம் மீறினால் பிழை காட்டும் அமைப்பு) அணைந்திருந்தது, அதுவும் சத்தமில்லாமல் 32-ல் வெட்டிப் போட்டுவிட்டது. காலையில் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை, பழைய ஹேஷும் மேலெழுதிப் போயாச்சு. காலத்தை வார்கேர் 255 (255 எழுத்து வரை) என்று வையுங்கள். அப்புறம், எம்டி5-ஐ பைனரியாகக் கொடுக்காதீர்கள், நடுவில் பூஜ்ய பைட் வந்தால் பிகிரிப்ட் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடும். ஹெக்ஸ் எழுத்தாகவே (0-9, a-f) கொடுங்கள்.

வேறொருவர்:
ஆர்கான்2 என்ற புதிய ஹேஷ் முறை இருக்கும்போது 1999-ல் வந்த பிகிரிப்ட் எதற்கு?

அண்ணாச்சி:
அவருடைய ஹோஸ்டிங்கில் ஆர்கான்2 இருந்தால் தாராளமாகப் போடட்டும். மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங் என்றால் பிஎச்பியில் அதைச் சேர்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். எம்டி5-லிருந்து வருகிறவருக்கு பிகிரிப்டே பெரிய விடுதலை.

புதுநிரலன்:
டேபிளில் அந்தக் காலத்தை நீட்டி, பேக்கப் எடுத்து, பிகிரிப்டின் காஸ்ட் (எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவு) 12 வைத்து ஓட்டினேன். 4,000 பேருக்குப் பதினேழு நிமிடம். இவ்வளவு மெதுவா?

இரவுப்பறவை:
மெதுவாக இருப்பதுதான் அதன் வேலையே. திருடுகிறவனும் ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே நேரம் காத்திருக்க வேண்டும். சரி, பழைய பேக்கப் ஃபைல்களை என்ன செய்தீர்கள்? அதிலெல்லாம் எம்டி5 அப்படியேதானே இருக்கும்?

புதுநிரலன்:
ஐயோ. சர்வரில் ஏழு இருக்கிறது. ஒன்றை முதலாளிக்கு மெயிலில் வேறு அனுப்பியிருக்கிறேன்.