அம்மாக்கு நெஞ்செரிவு, குளிசைக்கும் கேக்குதில்லை. ரெண்டாப் போடலாமோ?

கோப்பாய்ப்பெடியன்:
அவசரம். அம்மாக்கு இரவிலை நெஞ்செரிவு, புளிச்சேப்பம். வயித்து அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்பிரசோல் குடுத்தும் கேக்கேல்லை. பாமசியிலை நிண்டவர் ரெண்டாப் போடச் சொல்லுறார். தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

மருந்துக்கடை மச்சாள்:
எத்தினை மில்லிகிராம்? எப்ப போடுறவ? வயசு? வேறை வருத்தம் இருக்கோ?

பனங்கிழங்கு:
இது வயித்துக் கிருமியாவும் இருக்கலாம், ஹெலிக்கோபக்ரர். எனக்கும் அன்ரிபயோற்றிக் போட்ட பிறகுதான் அல்சர் ஆறினது. முதல் அந்த டெஸ்ற்றை எடுங்கோ.

மூத்தவன்:
தம்பி, இதுக்கு இங்கை பலமுறை பதில் எழுதியாச்சு. தேடிப் பாக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. ஒமிப்பிரசோல், ஜெலுசில் மாதிரி எரிஞ்ச உடனை போடுற சாமான் இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னாலை, வெறும் வயித்திலை. சாப்பிடேக்கைதான் வயித்திலை அமிலப் பம்புகள் முழிக்கும், அந்த நேரம் மருந்து இரத்தத்திலை நிக்கவேணும். பலன் தெரியச் சில நாளும் எடுக்கும்.

கோப்பாய்ப்பெடியன்:
20. சாப்பிட்டிட்டுப் படுக்கப் போகேக்கை. கப்சியூல் தொண்டையிலை நிக்குது எண்டு உடைச்சு, குறுணியை நுணுக்கிச் சுடுபாலிலை கலந்து குடுக்கிறம்.

மருந்துக்கடை மச்சாள்:
ஐயோ, இதையெல்லோ முதலே சொல்லியிருக்கவேணும்! வயித்து அமிலத்திலை பழுதாகாமல் மருந்து குடலுக்குப் போகத்தான் ஒவ்வொரு குறுணிக்கும் ஒரு பூச்சு. நுணுக்கினால் பூச்சுப் போச்சு. நுணுக்காமல் விட்டாலும் பாலிலை அது கரையத் தொடங்கும். குறுணியை முழுசா ஒரு கரண்டி தயிரிலை போட்டுச் சப்பாமல் விழுங்கலாம். ஆனால் எல்லாக் கொம்பனிக் கப்சியூலும் அப்பிடியில்லை, பெட்டியைக் காட்டிக் கேளுங்கோ.
கப்சியூல் மட்டுமோ, சோறும் நிக்குதோ? ஆள் மெலியிறாவோ? மலம் கறுப்பாப் போகுதோ? ஓம் எண்டால் இங்கை எழுதிக்கொண்டு நிக்காமல் உடனை டொக்டரிட்டைக் காட்டுங்கோ. மற்றக் குளிசையளைக் கிளினிக் கொப்பி பாத்து எழுதுங்கோ.

லண்டன் மாமா:
மத்தியானம் ஒடியல் கூழ், இரவிலை இடிச்ச சம்பலும் புட்டும். பிறகு மருந்திலை பிழையாம்.

பனங்கிழங்கு:
எங்கட அப்பாச்சி தொண்ணூறு வயசு மட்டும் உறைப்புத்தான் சாப்பிட்டவ.

லண்டன் மாமா:
அவ பொழுதுபட முதல் சாப்பிட்டவ. நீங்கள் பத்தரைக்குக் கொத்துரொட்டி.

மூத்தவன்:
உறைப்பு ஆளுக்கு ஆள் வித்தியாசம். படுக்கிறதுக்கு மூண்டு மணித்தியாலம் முதல் சாப்பாடு முடியவேணும். கட்டிலின்ர தலைமாட்டுக் காலுக்குக் கீழை கல்லு வைச்சு ஆறங்குலம் உயர்த்துங்கோ. தலகணி அடுக்கினால் வயிறுதான் மடியும்.

வடமராட்சியான்:
முந்தி நெஞ்செரிவுக்கு ரனிரிடின் எண்டு ஒரு குளிசை. அதுக்கு நிகர் இல்லை.

மூத்தவன்:
அதிலை புற்றுநோய் வரப்பண்ணக்கூடிய மாசு இருக்கெண்டு 2020இலை அமெரிக்காவிலையே சந்தையாலை எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள். பழைய பெட்டி கிடந்தால் எறியுங்கோ.

லண்டன் மாமா:
உறைப்பில்லாட்டி அது கூழில்லை, கஞ்சி.

கோப்பாய்ப்பெடியன்:
68 வயசு. சோறு இறங்குது, மற்றதும் பிரச்சினை இல்லை. கொப்பியிலை குளோப்பிடோகிரெல் 75, கொழுப்புக்கு அட்டோவாஸ்ரற்றின், சீனி வருத்தத்துக்கு மெற்போமின். இரத்தக் குழாயிலை ஸ்ரென்ற் வைச்சது. ஒமிப்பிரசோல் கொப்பியிலை இல்லை, போன வருசத்திலையிருந்து துண்டில்லாமல் வாங்கிறம்.

மருந்துக்கடை மச்சாள்:
தம்பி, ரெண்டாப் போடவே வேண்டாம். குளோப்பிடோகிரெல் ஈரலிலை ஒரு நொதியத்தாலை மாறினால்தான் இரத்தம் உறையாமல் காக்கும். ஒமிப்பிரசோலும் எசோமிப்பிரசோலும் அந்த நொதியத்தைத் தடுக்கும். அதே வகையிலை பன்ரொப்பிரசோல் அந்தளவுக்குத் தடுக்காது. எண்டாலும் நீங்களா மாத்தாதேங்கோ. குளோப்பிடோகிரெல்லை டொக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிப்பாட்டவும் கூடாது. எல்லாப் பெட்டியளையும் கொண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ. ஒமிப்பிரசோலை மெற்போமினோட இவ்வளவு காலம் போட்டபடியால் விற்றமின் பி12 குறைஞ்சிருக்கோ எண்டும் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ.
எரிவு வேர்வையோட வந்தால், கைக்கோ தாடைக்கோ இழுத்தால், மூச்சு முட்டினால், காஸ்ரிக் எண்டு படுக்க வைக்கவேண்டாம். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

வடமராட்சியான்:
அப்ப எல்லாத்தையும் நிப்பாட்டிச் சீரகத்தண்ணி குடுக்கலாமே?

மூத்தவன்:
சீரகத்தண்ணி குடிக்கட்டும், ஆர் மறிச்சது? ஆனால் கனநாள் போட்டதைச் சடாரெண்டு விட்டால் கொஞ்சக் காலம் அமிலம் முன்னையை விடக் கூடச் சுரக்கும். எப்பிடி விடுறது எண்டும் டொக்டர்தான் சொல்லவேணும்.

பனங்கிழங்கு:
கிருமி டெஸ்ற்றையும் மறக்காதேங்கோ.

கோப்பாய்ப்பெடியன்:
பன்ரொப்பிரசோல் 40 எழுதினவை, காலமை வெறும் வயித்திலை. இதையும் உடைக்கக் கூடாதாம். சின்னக் குளிசைதான், தண்ணியோட இறங்குது. இரத்தமும் எடுத்தவை. நன்றி.

கச்சான்கொட்டை:
எனக்கும் இதே எரிவு. நானும் பன்ரொப்பிரசோல் 40 வாங்கவோ?

மருந்துக்கடை மச்சாள்:
வயசு? வேறை என்ன குளிசை போடுறீங்கள்?